அப்பாவின் பெயரில் ஒரு மதில்

மதிலைப் பற்றி யாராவது என்னிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் தீவில் ஆளில்லாத வீடுகளுக்குத்தான் மதில் உயரம். உள்ளே கூரை விழுந்து முற்றத்தில் எருக்கலை மண்டிக் கிடக்கும். வெளியே மட்டும் வருடா வருடம் வெள்ளை அடித்து, கேற்றுக்கு இரண்டு பக்கமும் சீமெந்தில் தாமரை மொட்டு வைத்து, பெரிய பூட்டும் தொங்கவிட்டிருப்பார்கள். அதற்குள் எதைக் காப்பாற்றுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இதெல்லாம் இப்போது நான் பேசுகிற பேச்சு. போன வருடம் எங்கள் பூங்கா மதிலின் வரைபடத்தில் கையெழுத்து வைத்தவளே நான்தான்.

நான் பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். றோட்டு, மதகு, வாய்க்கால், சந்தைக் கட்டடம் என்று சபை எதைக் கட்டினாலும் அளப்பதும் வரைவதும் என் வேலை. சொந்த ஊர் புளியங்கூடல். கலியாணம் கட்டவில்லை. அப்பாவோடு இருந்தேன், இப்போது தனிய இருக்கிறேன். எங்கள் வீட்டு வளவிலிருந்து இறங்கினால் ஒரு குறுகிய ஒழுங்கை, ஒழுங்கை முடிகிற மூலையில் ஒரு பொதுக்கிணறு. அதை ‘நல்ல தண்ணிக் கிணறு’ என்றுதான் எல்லோரும் சொல்லுவோம். வேறு பெயர் அதற்குத் தேவைப்படவில்லை.

தீவில் எங்கே வெட்டினாலும் தண்ணீர் வரும். குடிக்கத்தான் ஏலாது, சவர், உப்புக் கரிக்கும். வானத்திலிருந்து விழுகிற தண்ணீர் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படையாக மிதந்துகொண்டிருக்கும். அந்தப் படை எங்கே கொஞ்சம் தடிப்போ அங்கே நல்ல தண்ணீர். எங்கள் ஒழுங்கையிலும் அயலிலும் வீட்டுக்கு ஒரு கிணறு இருக்கிறது. எல்லாம் உடுப்புத் தோய்க்கவும் முகம் கழுவவும்தான். குடிக்கவும் சமைக்கவும் எல்லோரும் குடத்தோடு அந்த மூலைக்குத்தான் போவோம். அப்பா யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகும்போதுகூட இரண்டு போத்தலில் அந்தத் தண்ணீரை நிறைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். வழியில் யார் தண்ணீர் தந்தாலும் வாங்கமாட்டார். “சப்பெண்டு கிடக்கும்” என்பார். எனக்கு வெட்கமாக இருக்கும்.

கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு வெறுங்காணி, அதன் நடுவில் ஒரு சின்னக் குளம். மாரியில் குளம் நிறையும். குளம் ஊறி ஊறித்தான் கிணற்றுக்கு நல்ல தண்ணீர் வரும். இது எனக்குப் படித்துத் தெரியும், மற்றவர்களுக்குப் பார்த்துத் தெரியும். கஷ்டம் தொடங்கியது றோட்டை உயர்த்தித் தார் போட்ட பிறகு. றோட்டோரத்தில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கராஜ் ஒன்று வந்தது. அதற்குப் பக்கத்தில் மீன் வெட்டி விற்கிற கொட்டில். எட்டு மாதம் காய்ந்து கிடந்த றோட்டில் முதல் மழை விழுந்தால், அத்தனை மாதத்து எண்ணெயும் ஆட்டுப் புழுக்கையும் மீன் கழுவிய தண்ணீரும் பொலித்தீனும் ஒன்றாகச் சேர்ந்து நேரே குளத்துக்குள் இறங்கும். குளத்தின் மேலே நீலமும் ஊதாவுமாக எண்ணெய் மினுங்கும். ஒரு கிழமை கழித்துக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு மணம் வரும். எதிர்வீட்டு அக்கா குடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, “சபையில இருக்கிறாய், இதை ஒருக்காப் பாக்க ஏலாதோ பிள்ளை?” என்று என்னைத்தான் கேட்பா.

அந்தக் காணியில் பூங்கா அமைக்கச் சபைக்கு அனுமதி வந்தபோது அந்தச் சந்தர்ப்பத்தை நான் விடவில்லை. செயலாளர் கொங்கிறீற்றில் யானை ஒன்று, காளான் குடை இரண்டு, மிச்ச நிலம் முழுக்கக் கல் பதிப்பு என்று மனக்கோட்டை கட்டி வைத்திருந்தார். நான் வேறு வரைபடத்தைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.

என் திட்டம் பெரிய வித்தை ஒன்றுமில்லை. றோட்டுப் பக்கமாக நிலத்தை இரண்டு அடி தாழ்த்தி, முதலில் கல் பரப்பிய ஒரு குழி. வெள்ளம் அதில் வேகம் குறைந்து, மண்ணையும் பொலித்தீனையும் விட்டுவிட்டுப் போகும். அடுத்தது நீளமான ஒரு பாத்தி. அடியில் சல்லி, அதற்கு மேல் மணல், மணலில் நெருக்கமாக வெட்டிவேரும் கோரையும். தண்ணீர் அதற்குள் மெல்ல ஊறிப் போகும்போது எண்ணெயும் ஊத்தையும் மணலிலும் வேரிலும் பிடிபட்டு நின்றுவிடும். தெளிந்தது குளத்துக்குப் போகும், குளத்திலிருந்து கிணற்றுக்கு. பாத்திக்கு மேலால் பிள்ளைகள் ஓட ஒரு மரப்பாலம், கரையில் பூவரசும் வேம்பும், ஒரு ஊஞ்சல், இருக்க நாலு வாங்கு. அவ்வளவுதான்.

“பூங்கா எண்டால் பூ வேணும் மிஸ். நீங்கள் கோரையெல்லோ நடுறியள்” என்றார் செயலாளர். “பள்ளம் கிண்டினால் வெள்ளம் நிக்குது எண்டு சனம் பெட்டிசம் போடும்.”

“நிக்கட்டும் சேர். நிக்கத்தானே கிண்டுறன்” என்றேன்.

ஊர் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? றோட்டு வெள்ளம் அடுத்தவன் வளவுக்குப் போனால் போதும் என்று இரவோடிரவாக வரம்பு கட்டுகிற சனம் நாங்கள். ஒரு முழ வாய்க்காலுக்காகத் தகப்பன் தொடங்கிய வழக்கை மகன் பேசிக்கொண்டிருக்கிற குடும்பம் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. அந்த ஊரில் ஒருத்தி வெள்ளத்தை உள்ளே வா என்கிறாள். “சபைக்காறி வெத்திலை பாக்கு வைச்சு வெள்ளத்தைக் கூப்பிடுறா” என்று சந்தியில் கதைத்தார்கள். என் காதிலும் விழுந்தது. நான் காது கேட்காதவள்போல சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன்.

பூங்கா வேலை முடிந்த அந்த வருடம் முதல் மழையன்று குடையும் பிடிக்காமல் ஓடினேன். றோட்டிலிருந்து வந்த தண்ணீரில் ஒரு போத்தல், பாத்தி முடிகிற இடத்தில் ஒரு போத்தல் பிடித்துவந்து குசினி யன்னலில் வைத்தேன். எதிர்வீட்டு அக்கா வந்து முதல் போத்தலைப் பார்த்து, “இதென்ன, தேத்தண்ணியோ?” என்றா. இரண்டாவதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. கவனமாக வைத்துவிட்டுப் போனா. அடுத்தநாள் ஒழுங்கையில் பாதிப் பேர் அந்தப் போத்தல்களைப் பார்க்க எங்கள் குசினிக்கு வந்தார்கள். கிணறு அந்த மாரி மணக்கவில்லை. என் உத்தியோகத்தில் நான் முழுமனதோடு சந்தோஷப்பட்டது அந்த ஒரு மாரிதான். சொல்ல வெட்கமில்லை, அழுதேன்.

அதே வருடம் ஐப்பசியில் அப்பா போனார். கடைசியில் சோறு இறங்கவில்லை, பால் இறங்கவில்லை. கிணற்றுத் தண்ணீரைக் கரண்டியால் விட்டால் மட்டும் நாக்கை நீட்டினார். என் அண்ணை கனடாவில். வேலை இடத்தில் லீவு கிடைக்கவில்லை, ரிக்கற் கிடைக்கவில்லை, ஏதோ ஒன்று. செத்தவீடு முழுக்க நான் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அவர் அழுதுகொண்டிருந்தார். தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளை போனுக்குள் இருந்து பார்த்தது. அந்தக் கவலை அவரைத் தின்றது. அது எனக்குத் தெரியும். பிறகு நடந்ததெல்லாவற்றுக்கும் அவரை வாய் கொள்ளாமல் திட்டியிருக்கிறேன், ஆனால் அந்தக் கவலை பொய் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

முதல் திவசத்துக்கு நாலைந்து மாதம் இருக்கும்போது போன் எடுத்தார்.

“அப்பான்ர பேரில ஊருக்கு ஏதாவது செய்யோணும். திவசத்துக்கு நான் வாறன். அண்டைக்கே திறக்கோணும்.”

“செய்யுங்கோ அண்ணை. வாசிகசாலைக்கு அலுமாரி இல்லையாம்.”

“அலுமாரி ஆருக்குத் தெரியும்? உன்ர பூங்காவை வீடியோவில பாத்தனான். நல்லாத்தான் கிடக்கு. ஆனால் ஆவெண்டு திறந்து கிடக்கு, மாடு மேயிற வெளி மாதிரி. நான் மதில் கட்டித் தாறன்.”

“ஐயோ, அது மதில் வேண்டாத இடம். றோட்டு வெள்ளம் உள்ளுக்கு வரோணும்.”

அண்ணை சிரித்தார். “விசரோ உனக்கு? உலகத்தில எல்லாரும் வெள்ளம் உள்ளுக்கு வராமல் இருக்கத்தான் மதில் கட்டுறது.”

நான் விளங்கப்படுத்தினேன். போத்தல் கதையைச் சொன்னேன். கிணற்றைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், “செத்தவீட்டுக்கும் வரேல்லை. ஒரு கல்லாவது அவற்ற பேரில நிக்கட்டுமன்.” குரல் உடைந்துவிட்டது. அப்பாவின் பெயர்க்கல்லைத் தடுத்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். ஏற்கனவே வீடு என் பெயரில் இருக்கிறது என்று கதைக்க ஆட்கள் இருந்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு என் வரைபடத்தில் திமிர். மதில் வந்தால் வரட்டும், அடியில் துவாரம் விட்டால் வெள்ளம் வரத்தானே செய்யும் என்று எண்ணினேன். றோட்டுப் பக்க மதிலின் அடியில் ஏழு துவாரம், ஒவ்வொன்றும் ஒரு அடி உயரம், இரண்டு அடி அகலம். வடிவாய்க் கீறி, அளவு போட்டு, கையெழுத்து வைத்தேன். செயலாளர் மறுபேச்சில்லாமல் ஒப்பம் வைத்தார். இனாமாக மதில் வருகிறதென்றால் எந்தச் சபை வேண்டாமென்னும்?

மேசன் நல்ல வேலைக்காரன். நான் கீறியபடியே ஏழையும் விட்டான். நடுவில், நாலாவது துவாரத்துக்கு மேலே, கறுப்பு மாபிளில் அப்பாவின் பெயர், பிறந்த திகதி, இறந்த திகதி. கிணற்றை மதிலுக்கு வெளியே விட்டிருந்தோம், சனம் எந்த நேரமும் வந்து அள்ளத்தானே வேண்டும். மதில் றோட்டோரமாக வந்து கிணற்றடியில் முடிந்தது. அது முடிகிற இடம் எனக்கு அப்போது உறுத்தவில்லை. ஏழு துவாரமும் வாயைத் திறந்துகொண்டிருக்கும்வரை ஒரு பிழையும் இல்லை.

அண்ணையும் அண்ணியும் திவசத்துக்கு ஒரு கிழமை முந்தி வந்து இறங்கினார்கள். வந்த அன்றே அண்ணை மதிலைத் தடவித் தடவிப் பார்த்தார். பெயர்க்கல்லுக்கு முன்னால் குந்தியிருந்து விம்மினார். நானும் பக்கத்தில் இருந்து அழுதேன். எழும்பும்போது குனிந்து துவாரத்தைப் பார்த்தார். “உதென்ன, நாய் போற ஓட்டையோ?” என்றார். “தண்ணி போறது, சொன்னனான்தானே” என்றேன். ம் என்றார். அதோடு கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

திவசத்துக்கு முதல்நாள் என்னைக் கூப்பிட்டு, “நீ அண்ணியைக் கூட்டிக்கொண்டு நயினாதீவுக்குப் போயிட்டு வா. அவ அம்மனைக் கும்பிடாமல் திரும்பிப் போகமாட்டா. இஞ்சத்தை அலுவலை நான் பாக்கிறன்” என்றார். லீவு போட்டுக்கொண்டு போனேன். குறிகட்டுவானில் படகுக்கு நிற்கும்போது அண்ணியும் நானும் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு சிரித்தோம். அம்மனுக்கு முன்னால் அப்பாவுக்காகக் கற்பூரம் கொளுத்தினேன். எவ்வளவு நாளைக்குப் பிறகு மனம் இலேசாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

பின்னேரம் திரும்பி வந்து ஒழுங்கையில் இறங்கியபோது மதிலின் அடியில் ஏழு ஈரத் திட்டுகளைக் கண்டேன். கல் வைத்து அடைத்து மேலே பூசியிருந்தது. மேசன் சாந்துச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும், “அக்கா, என்னைப் பேசாதேங்கோ. வரைபடத்தில கிடக்கு எண்டு சொன்னனான். உங்கட அண்ணை கேக்கேல்லை” என்றான்.

அண்ணை வாசலுக்கு வந்தார். அவர் முகத்தில் கள்ளம் ஒன்றுமில்லை, எனக்குச் செய்த உபகாரத்தைக் காட்டுகிற ஆள்போல நின்றார். “அப்பான்ர பேருக்குக் கீழால ஊத்தைத் தண்ணி ஓடுறதோ? யோசிச்சுப் பார். மீன் கழுவின தண்ணியெல்லோ வரும். நாளைக்கு ஆக்கள் வந்து பாத்தால் என்ன நினைப்பினம்?”

நான் அந்த நேரம் கதைத்திருக்க வேண்டும். சாந்து காயவில்லை, காலால் உதைத்தாலே விழுந்திருக்கும். அடுத்தநாள் திவசம், சமையலுக்கு ஆள் வந்துவிட்டது, அண்ணியின் கையில் அம்மன் குங்குமம். ஒரு கிழமையில் இவர்கள் போய்விடுவார்கள், போன பிறகு நானே திறந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டேன். வானத்தையும் பார்த்தேன், பொட்டு முகில் இல்லை. வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் மரக்கறி நறுக்கினேன்.

திறப்புவிழா நடந்தது. நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். செயலாளர் அப்பாவைப் பற்றி, அப்பாவை ஒருநாளும் காணாத மனிதர், பதினைந்து நிமிடம் பேசினார். இரண்டு நாள் கழித்து மழை வந்தது.

காலையில் தொடங்கி ஒரேயடியாகக் கொட்டியது. முதல் மழை. நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றவள் யன்னலால் பார்த்தேன். றோட்டு வெள்ளம் வழக்கமான இடத்தால் இறங்க வந்து, மதிலில் முட்டி நின்றது. நின்று உயர்ந்தது. உயர்ந்து, மதிலைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடக்கத் தொடங்கியது. அது எங்கே போகும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதில் முடிகிற இடத்தில் கிணறு. கிணற்றுக் கட்டு பழசு, அடியெல்லாம் வெடிப்பு. கறுப்புத் தண்ணீர் எண்ணெய் மினுங்க மினுங்கக் கிணற்றடிக்கு ஏறி, வெடிப்புகளால் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். முதலாவது துவாரத்தை இடித்தேன், இரண்டாவதை இடித்தேன். முழங்கால் அளவு தண்ணீர், சேலை காலில் சுற்றுகிறது. மதிலின் நடுவில்தான் தண்ணீர் அதிகம் தேங்கி நின்றது. நாலாவதை இடிக்கும்போது அலவாங்கு வழுக்கி மேலே போயிற்று. மாபிள் கல் குறுக்கே வெடித்து, பாதி தண்ணீருக்குள் விழுந்தது. அப்பாவின் பெயரில் பாதியும் இறந்த திகதியும் மதிலில் மிஞ்சின.

அண்ணை குடையோடு ஓடி வந்தார். “என்ன வேலையடி பாக்கிறாய்? அப்பான்ர கல்லெல்லோ!”

“கிணறு போகுது அண்ணை! கிணத்தைப் பாருங்கோ!” என்று கத்தினேன். அவர் கிணற்றைப் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் கைவிட்டு உடைந்த கல்லைத் தேடிக்கொண்டிருந்தார். ஒழுங்கை முழுக்க ஆட்கள் குடையோடு நின்றார்கள். ஒருவரும் கை கொடுக்க இறங்கவில்லை. “வீடும் அவளுக்குத்தான் குடுத்தது, பேர்க்கல்லைக்கூடப் பொறுக்க ஏலாமல் கிடக்கு” என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று எனக்குத் தெரியும். அந்தக் குரலோடு இன்றைக்கும் நான் கதைப்பதில்லை.

மழை விட்டபோது வெள்ளம் துவாரங்களால் பாத்திக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கிணறு கறுத்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தா. நான் அவவிடம் திருத்தமாகச் சொன்னேன். “அக்கா, மோட்டர் போட்டு இறைக்க விடாதேங்கோ. மேல மிதக்கிற எண்ணெயைச் சாக்குப் போட்டு ஒத்தி எடுப்பம். மிச்சத்தை வாளியால கொஞ்சம் கொஞ்சமா அள்ளி ஊத்துவம். பேந்து குளோரின் போடலாம். இறைச்சால் அடியில கிடக்கிற சவர் மேல வந்திடும். விளங்குதோ?” அவ தலையாட்டினா.

அடுத்தநாள் காலையில் செயலாளர் என்னை அலுவலகத்துக்கு வரச்சொன்னார். பொதுச்சொத்தை உடைத்ததற்கு எழுத்தில் விளக்கம் வேண்டுமாம். கதிரையில் இருந்து நாலு பக்கம் எழுதினேன். வரைபடத்தின் பிரதியை இணைத்தேன், ஏழு துவாரத்தையும் சிவப்பு மையால் வட்டமிட்டேன். அதை அவர் வாசித்து, ஒரு சொல்லை மாற்றச் சொல்லி, நான் திரும்ப எழுதி, மத்தியானம் தாண்டிவிட்டது.

பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்கு வரும்போதே மோட்டர் சத்தம் கேட்டது. ஒன்றில்லை, இரண்டு. அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்றார். காலையிலிருந்து அவர்தான் ஓடித் திரிந்து வாடகைக்கு எடுத்து வந்தாராம். கிணறு கெட்டால் இறைப்பது எங்கள் வழக்கம்தானே, அதில் அவர் பிழை கண்டிருக்க ஏலாது. “வடிவாய் இறைச்சாச்சு. அடி தெரியுது பார். இனி ஊறுற தண்ணி புதுத் தண்ணி” என்றார். என்னோடு சமாதானம் ஆகிறதற்கு வந்த குரல் அது. முகமெல்லாம் சேறு.

நான் அவரைத் தள்ளிவிட்டு மோட்டர் வயரைப் பிடுங்கினேன். பிறகு வாளியை இறக்கி, புதிதாக ஊறிக்கொண்டிருந்த தண்ணீரை அள்ளி வாயில் விட்டேன்.

சவர்.

எதிர்வீட்டு அக்கா பிறகு என்னிடம் சொன்னா: “நீ சொன்னனிதான் பிள்ளை. நான் உன்ர அண்ணைக்கும் சொன்னனான். ஆனால் முதல்நாள் நீ அலவாங்கோட நிண்ட நிலையைப் பாத்தவையெல்லோ. கோவத்தில சொல்லுறாள் எண்டு நினைச்சிட்டம்.” கதைக்க வேண்டிய பின்னேரத்தில் மரக்கறி நறுக்கினவள் நான். கத்தின நேரத்தில் என் சொல்லுக்கு ஒரு மதிப்பும் இருக்கவில்லை.

அண்ணை திரும்பிப் போகும்போது என் முகம் பார்க்கவில்லை. உடைந்த கல்லின் ஒரு துண்டைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்ததை அண்ணி சொன்னா. சபை மதிலைத் திருத்தியது. துவாரங்களை மட்டும் திறந்தபடியே விட்டார்கள், என் நாலு பக்கக் கடிதத்தால் ஆன பயன் அதுதான். பெயர்க்கல்லும் புதிதாக வந்தது.

பாத்தியைப் பார்க்க வேண்டுமே, வெட்டிவேர் இப்போது இடுப்பளவுக்கு நிற்கிறது. போன மாரி வெள்ளமெல்லாம் ஒழுங்காக உள்ளே போயிற்று. இரண்டு போத்தல் பிடித்துப் பார்த்தேன், குளத்துக்குப் போகிற தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவு. வேறு ஊர்ச் சபைகளிலிருந்து ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். செயலாளர் அவர்களுக்கு வெட்டிவேரைப் பற்றி விளக்குகிறார். நல்ல மாரி நாலைந்து தொடர்ந்து பெய்தால் கிணறு திரும்பலாம் என்று நானும் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் ஒரு வாளி அள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பேன். பார்த்துவிட்டுத் துப்புவேன்.

தண்ணீர் பௌசரில், தாங்கி பூட்டிய லொறியில், வரத் தொடங்கியது. சபையின் ஒரே பௌசர், வந்தால் வரும், பழுதானால் வராது. எதிர்வீட்டு அக்கா குடத்தை வைத்துக்கொண்டு வெயிலில் மதிலோரம் நிற்பா. அப்போதுதான் அண்ணை பல மாதத்துக்குப் பிறகு போன் எடுத்தார்.

“தண்ணி எப்பிடி?”

“அப்பிடியேதான்.”

“சபைக்கு அப்பான்ர பேரில ஒரு பௌசர் வாங்கிக் குடுக்கட்டோ?”

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆத்திரம் வந்தது. போனை எறியலாம்போல இருந்தது. மனிதர் எத்தனை முறை அப்பாவை ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்தப் பார்க்கிறார்! ஆனால் யன்னலால் எட்டிப் பார்த்தால் அக்கா குடத்தின் மேல் குந்தியிருந்தா.

“ஓம் அண்ணை, வாங்கிக் குடுங்கோ” என்றேன்.

நீல நிறத் தாங்கி. பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் ‘ஞாபகார்த்தமாக’ என்று எழுதி, கீழே அப்பாவின் பெயர். கிழமையில் மூன்று நாள் வருகிறது. எங்கேயோ ஒரு ஊர்க் கிணற்றுத் தண்ணீர், குளோரின் மணம். நானும் வரிசையில் நின்று பிடிக்கிறேன்.

இந்த ஐப்பசியில் அப்பாவின் இரண்டாவது திவசம். அண்ணை வரவில்லை, போனில் பார்த்துக்கொண்டிருந்தார். படையல் போட்டு, அவர் விரும்பிச் சாப்பிடுகிற முருங்கைக்காய்க் கறி வைத்து, கடைசியில் செம்பில் தண்ணீர் வைக்க வேண்டும். குசினிக்குள் போய்ச் செம்பை எடுத்தேன். கிணற்றுத் தண்ணீர் வைத்தால் சவர். மற்றதை வைத்தால் சப்பெண்டு இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போத்தல் கட்டிக்கொண்டு போன மனிதர். வேறு வழியில்லாமல் பௌசர்த் தண்ணீரைச் செம்பில் வார்த்துக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்தேன்.

“குடியுங்கோ அப்பா,” என்றேன், போனுக்குள் அண்ணைக்கும் கேட்கட்டும் என்று உரத்துத்தான் சொன்னேன். “உங்கட பேரில வந்த தண்ணிதான்.”